செல் திணறும்போது உடம்பில் என்ன நடக்கிறது? உயர்நிலை ஒன்று பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டிறுதித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது என் அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, டென்ஷன் ஆனா நம்ம செல் எல்லாம் செத்துப்போயிடுமாமே, நிஜமா?" யாரோ போட்ட ஒரு நிமிட வீடியோவைப் பார்த்திருக்கிறாள். சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் (செகண்டரி 1) படிக்கும் பிள்ளை. ஏற்கெனவே பதினொன்றரைக்கு மேல்தான் படுப்பாள். அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து படுத்தும் தூக்கம் வரவில்லை என்றாள்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். உடனே விளக்குகிறேன் பேர்வழி என்று நீரிழிவு, இதயநோய், புற்றுநோய் என வரிசையாக அடுக்கிவிட்டேன். அவள் முகம் இன்னும் சுருங்கிப்போனது. பிறகு யோசித்து, வரிசையை மாற்றி, மூன்று சனிக்கிழமைகளில் முக்கால் மணி நேரம் வீதம் சொல்லிக்கொடுத்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். செல் எப்படித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். எப்படி அடிபடுகிறது, எப்படி நோய் வருகிறது என்பதெல்லாம் அப்புறம் வரட்டும். இந்த வரிசை மாறினால் பிள்ளைக்குப் பயம்தான் மிஞ்சும்.

தொடங்கும் முன்

வாங்கி வைக்க வேண்டியவை: இரண்டு முட்டை, ஒரு உருளைக்கிழங்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சின்னப் புட்டி, மூன்று கண்ணாடிக் குவளை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பெராக்சைடு கண்ணில் பட்டால் எரியும், துணியில் பட்டால் வெளுத்துவிடும். பெரியவர்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் அவர்கள் தூங்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். 'புரதம்' என்றால் 'புரோட்டீனா?' என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். தமிழ்ச் சொல் நினைவுக்கு வரவில்லை என்று பேச்சையே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கேட்பதை நிறுத்திவிடுவார். கடைசிப் படியில் பாட்டி நமக்குத் தேவை.

படி 1: 'ஸ்ட்ரெஸ்' என்ற ஒரே சொல்லை இரண்டாகப் பிரியுங்கள்

குழப்பமெல்லாம் இந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது. பிள்ளைக்கு ஸ்ட்ரெஸ் என்றால் தேர்வு, டியூஷன், தோழியோடு சண்டை. அறிவியலில் செல்லின் ஸ்ட்ரெஸ் என்பது வேறு. செல்லுக்கு மனசு கிடையாது. அது கவலைப்படாது. அதிகச் சூடு, வெயிலின் புற ஊதாக் கதிர், ஆக்சிஜன் குறைவு, நச்சு, கிருமி, அளவுக்கு மீறிய சீனி என்று ஏதாவது ஒன்று அதன் வழக்கமான வேலையைக் கெடுக்கிறது. அதனால் செல் திணறுகிறது. நான் தமிழில் 'திணறல்' என்றே சொன்னேன். 'மன அழுத்தம்' ஒரு பக்கம், 'செல்லின் திணறல்' இன்னொரு பக்கம் என்று பிரித்ததுமே அவளுக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஒரு தாளை இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் எழுதச் சொல்லுங்கள். மதிய வெயிலில் பிஇ (உடற்கல்வி) வகுப்பு எந்தப் பக்கம்? வாய்மொழித் தேர்வு எந்தப் பக்கம்? சளிக்காய்ச்சல்? புகைமூட்டம்? இரண்டு பக்கத்துக்கும் இடையே ஒரு பாலம் உண்டு, அதற்குக் கடைசியில் வருவோம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

படி 2: முட்டை

மூன்று வாரத்தில் அவள் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான். அதனால் அவசரப்படாதீர்கள்.

ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் குவளையில் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுங்கள். அந்தப் பக்கம் இருப்பது தெரியும். பிறகு அதைச் சின்னச் சட்டியில் ஊற்றி, அடுப்பை மிகச் சிறிதாக வையுங்கள். ஓரத்தில் முதலில் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல் வரும். பிறகு அது நடுவை நோக்கி நகரும். எண்ணெய் ஊற்றாதீர்கள், சத்தத்தில் கவனம் போய்விடும். "என்ன மாறுச்சு? புதுசா ஏதாவது சேர்த்தோமா?" என்று கேளுங்கள். எதையும் சேர்க்கவில்லை, சூடு மட்டும்தான்.

இப்போது விளக்கம். புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. அது குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடு பட்டதும் மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்தவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்கல்தான் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அவள் உடனே, "நம்ம நூல்கண்டு மாதிரியா?" என்றாள். ஆமாம், அதே மாதிரி. இரண்டாவது முட்டையின் வெள்ளைக்கருவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் அடுப்பே இல்லாமல் கொஞ்ச நேரத்தில் மங்கத் தொடங்கும். சூடு மட்டும்தான் புரதத்தைக் கெடுக்கும் என்று நினைத்துவிடாமல் இருக்க இது உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டித்தான் இறுகத் தொடங்குகிறது. நம் உடம்பு அந்தச் சூட்டுக்குப் போவதே இல்லை. காய்ச்சல் வந்தால் உள்ளே முட்டை மாதிரி வெந்துவிடும் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. உடம்பு உட்சூட்டை 37 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கிறது. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் வெளிவெப்பமே 37 டிகிரியைத் தொட்டது. அந்த நாளிலும் வியர்வையை விட்டு உடம்பு உட்சூட்டைக் காத்தது. உட்சூடு 40-ஐத் தாண்டும்போதுதான் வெப்பத்தாக்கு என்ற ஆபத்து வருகிறது. அந்தச் சில டிகிரியிலேயே செல்லுக்குள் இருக்கும் மென்மையான புரதங்கள் மடிப்புக் குலையத் தொடங்கும்.

குலைந்தால் செல் என்ன செய்யும்? 1962-இல் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரித்தோசா இதற்கான முதல் தடயத்தை வெளியிட்டார். பழ ஈக்கள் இருந்த சூடேற்றுப் பெட்டியின் வெப்பநிலையை யாரோ தவறுதலாகக் கூட்டிவிட்டார்கள். ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்த குரோமோசோம்களில் வழக்கமில்லாத இடங்களில் வீக்கம் தெரிந்தது. அதாவது, சூடு பட்டதும் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருந்தன. அவை உண்டாக்கும் புரதங்களைப் பிறகு வந்தவர்கள் அடையாளம் கண்டார்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவிழ்ந்த புரதங்களைப் பிடித்துத் திரும்ப மடித்துக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. ஈ, ஈஸ்ட், செடி, மனிதன் எல்லாவற்றிலும் இந்த உதவியாளர்கள் உண்டு. இதைச் சொன்னபோது அவள் சட்டியைப் பார்த்துவிட்டு, "அப்போ முட்டைக்கு மட்டும் உதவிக்கு ஆள் இல்லை" என்றாள். அந்த நிமிடமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

படி 3: உருளைக்கிழங்கு

நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற சக்தி அடுப்புகள் இருக்கின்றன. சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸையும் மூச்சில் வந்த ஆக்சிஜனையும் கொண்டு அவை சக்தி தருகின்றன. அடுப்பென்றால் கொஞ்சம் புகை வரத்தானே செய்யும்? அந்தப் புகைதான் மிகுவினை ஆக்சிஜன் பொருள்கள். அவற்றில் ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆமாம், கடையில் வாங்கிய அதே பொருள் மிகச் சிறிய அளவில் நம் செல்லுக்குள்ளும் உண்டாகிறது.

பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை ஒரு குவளையிலும், நன்றாக வேகவைத்து ஆறவைத்த துண்டை இன்னொன்றிலும் போடுங்கள். மூன்றாவது குவளையில் கிழங்கே வேண்டாம். மூன்றிலும் ஒரே அளவு பெராக்சைடு ஊற்றுங்கள். பச்சைத் துண்டைச் சுற்றி நுரை பொங்கும். பக்கத்தில் காதை வைத்தால் மெல்லிய சத்தம்கூடக் கேட்கும் (கண்ணாடியைக் கழற்றாமல்). மற்ற இரண்டும் சும்மா இருக்கும்.

பச்சைக் கிழங்கின் செல்களில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. நுரை அந்த ஆக்சிஜன்தான். நம் செல்களிலும் கேட்டலேஸ் இருக்கிறது. வெந்த கிழங்கில் ஏன் நுரை இல்லை என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவள் ஒரு நிமிடம் யோசித்து, "அந்த நொதியும் புரோட்டீன்தானா?" என்றாள். முட்டையும் கிழங்கும் சேர்ந்த இடம் அது. நாம் சொல்லாமல் பிள்ளையே அங்கு வந்து சேர வேண்டும்.

புகை உண்டாவது இயல்பு. துடைக்கும் வேகத்தைவிட உண்டாகும் வேகம் கூடும்போதுதான் தொல்லை. அப்போது செல்லின் சவ்வு, புரதம், டிஎன்ஏ எல்லாம் சேதமாகும். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதைக் காட்டி "நம் உடம்பும் இப்படித்தான் துருப்பிடிக்கிறது" என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அதைத் தவிர்த்துவிட்டேன். ஆப்பிளில் நடப்பது வெட்டுப்பட்ட பழத்தில் உள்ள ஒரு நொதியின் வேலை. பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தவறான உதாரணத்தைக் கொடுத்தால், உயர்நிலை மூன்றில் அதை அழித்து எழுத வேண்டிவரும்.

படி 4: செல் எடுக்கும் மூன்று முடிவுகள்

திணறும் செல் முதலில் புது வேலைகளைக் குறைத்துக்கொண்டு பழுதுபார்க்கும். சரியாகவில்லை என்றால் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். டிஎன்ஏ சேதமாகும்போது இந்த நிறுத்தத்தை நடத்தும் முக்கியமான புரதம் பி53. அதற்கும் சரியாகாவிட்டால், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமல் தன்னைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு இறந்துவிடும். பக்கத்துச் செல்கள் அந்தப் பொட்டலங்களை விழுங்கிவிடும். இதற்கு 1972 முதல் அபோப்டோசிஸ் என்று பெயர்.

'செத்துப்போகும்' என்ற சொல் வரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அவளுடைய முதல் கேள்வியே அதுதானே. அதனால் இங்கே நிதானித்தேன். கருவில் நம் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். விரல்களுக்கு இடையிலுள்ள செல்கள் இறப்பதால்தான் விரல் விரலாகப் பிரிகிறது. அவளுடைய விரல்களை விரிக்கச் சொல்லி அந்த இடைவெளிகளைத் தொட்டுக் காட்டினேன். ஒரு பெரியவர் உடம்பில் நாள்தோறும் பல ஆயிரம் கோடி செல்கள் இப்படி இறக்கின்றன, அதே அளவு புதிதாக உண்டாகின்றன. செல் இறப்பதே நோய் ஆகிவிடாது. இறக்க வேண்டியது இறக்காமல் பெருகிக்கொண்டே போனால் புற்றுநோய் வரலாம். இறக்கக் கூடாதது அதிகமாக இறந்தாலும் நோய்தான்.

இதில் நம் ஊர்க் கதையும் இருக்கிறது. உயிரியல் விஞ்ஞானி சிட்னி பிரென்னர் ஆராய்ச்சிக்கென்று தேர்ந்தெடுத்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழு. அதன் உடல் உருவாகும்போது 1,090 செல்கள் தோன்றுகின்றன, அவற்றில் 131 செல்கள் குறித்த நேரத்தில் இறந்துவிடுகின்றன. இந்த வகை இருபால் புழுக்களில் எதை எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இந்த ஆராய்ச்சிக்காக பிரென்னரும் ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் ஹார்விட்ஸும் 2002-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். பிரென்னர்தான் 1985-இல் சிங்கப்பூரில் மூலக்கூறு, உயிரணு உயிரியல் ஆய்வுக்கழகம் தொடங்கத் துணைநின்றவர். 2003-இல் நம் நாட்டின் முதல் கௌரவக் குடிமகனானார். 2019-இல் இங்கேயேதான் காலமானார். புவன விஸ்தா எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் போகும்போது பயோபோலிஸ் ஆராய்ச்சிக் கட்டடங்களைக் காட்டி இதைச் சொன்னால் பிள்ளைக்கு அறிவியல் எங்கோ இருப்பதாகத் தோன்றாது.

படி 5: செல்லிலிருந்து நோய்க்கு, ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு

ஐந்து நோய்களைத் தொட்டுவிட்டுப் போவதைவிட ஒன்றை முழுதாகப் பின்தொடர்வது நல்லது. நான் இரண்டாம் வகை நீரிழிவை எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு, அதாவது அவள் பாட்டிக்கு, அது இருக்கிறது. காலையில் விரலில் குத்திப் பார்ப்பதை அவள் தினமும் பார்க்கிறாள்.

கணையத்தில் பீட்டா செல்கள் இருக்கின்றன. இன்சுலின் செய்வது அவற்றின் வேலை. இன்சுலினும் ஒரு புரதம்தான், மடித்துத்தான் அனுப்ப வேண்டும். உடம்பின் மற்ற செல்கள் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்காமல் போகும்போது பீட்டா செல் இன்னும் இன்னும் செய்ய வேண்டியிருக்கிறது. நாள் கணக்கில், வருடக் கணக்கில். மடிக்கும் இடத்தில் வேலை தேங்குகிறது. சரியாக மடியாதவை குவிகின்றன. செல் படி 4-இல் பார்த்த அதே மூன்று முடிவுகளுக்கு வருகிறது: பழுதுபார், காத்திரு, முடியாவிட்டால் செத்துப்போ. பீட்டா செல்கள் குறையக் குறைய ரத்தத்தில் சீனி ஏறுகிறது. ஏறிய சீனி மீதமுள்ள செல்களையும் ரத்தக் குழாய்களையும் திணறடிக்கிறது. இந்த வட்டத்தைப் பிள்ளையின் கையாலேயே வரையச் சொல்லுங்கள்.

அப்புறம் கணக்கு. கடையில் வாங்கும் பானத்தின் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சீனி, கொழுப்பு அளவைப் பார்த்து 'ஏ' முதல் 'டி' வரை கொடுக்கும் தரம் அது. 2022 டிசம்பர் 30 முதல் புட்டி, டின் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையிலேயே கலக்கும் பானங்களுக்கும் இந்த விதி வந்தது. சீனி 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் இருந்தால் 'டி'. அப்படியென்றால் சீனியால் 'டி' வாங்கிய 500 மில்லிலிட்டர் பபிள் டீயில் குறைந்தது எவ்வளவு? 50 கிராமுக்கும் மேல். அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து ஒரு தட்டில் கொட்டினோம். அந்தக் குவியலை அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடாதீர்கள். சீனி சாப்பிட்டதால் மட்டும் நீரிழிவு வந்துவிடுவதில்லை. பரம்பரை, உடல் எடை, வயது, நடமாட்டம் எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. பாட்டி ஏதோ தப்புச் செய்தார் என்ற எண்ணம் பிள்ளை மனதில் விழுந்துவிடக் கூடாது.

அழற்சியையும் இங்கேயே சேர்த்துவிடலாம். அடிபட்ட செல் உதவி கேட்டுச் செய்தி அனுப்பும், வெள்ளை அணுக்கள் ஓடிவரும். அதனால்தான் முழங்காலில் அடிபட்டால் சிவந்து வீங்குகிறது. சில நாளில் அடங்கினால் அது நல்ல வேலை. அடங்காமல் மாதக் கணக்கில் கனன்றுகொண்டிருந்தால் அதுவே நல்ல திசுவையும் அரிக்கும். 2013 ஜூன் 21-இல் காற்று மாசைக் காட்டும் புகைமூட்டக் குறியீடு 401-ஐத் தொட்டபோது எல்லாரும் ஏன் வீட்டுக்குள் இருந்தோம் என்பதற்கும் இதே விளக்கம்தான்: நுண்துகள் நுரையீரல் செல்களைத் திணறடித்து அழற்சியைத் தூண்டும்.

படி 6: பாலம்

இப்போது மடித்த தாளின் இரண்டு பக்கத்தையும் இணைக்கலாம். பயமோ பதற்றமோ வந்ததும் சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்களை விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தத்தில் சீனி கூடும், கவனம் கூர்மையாகும். தேர்வு அறைக்குள் நுழையும்போது இது உதவிதான். முடிந்ததும் தானே இறங்கிவிடும். இறங்க வழியே இல்லாமல் மாதக் கணக்கில் நீடித்தால்தான் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் கூடும், கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும்.

அவள் கேள்விக்கு இப்போதுதான் நேராகப் பதில் சொன்னேன். "தேர்வு டென்ஷன்ல உன் செல் செத்துப்போகாது. உன் உடம்பு அதைத் தாங்கத்தான் செஞ்சிருக்கு. ஆனா ராத்திரி தூங்காம அதுக்குப் பழுதுபார்க்க நேரமே குடுக்கலேன்னா அது சிரமப்படும்." 13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவள் தூங்கியது ஆறேகால் மணி நேரம். அந்தக் கணக்கை அவளையே போடச் சொன்னேன். இது பிள்ளைக்கு மட்டும் சொல்லும் பாடம் இல்லை. இரவு ஒன்பதரைக்கு முடியும் டியூஷனில் சேர்த்துவிட்டது நாம்தான். அண்ணனிடம் பேசி அதில் ஒன்றைச் சனிக்கிழமைக்கு மாற்ற வைத்தேன்.

பிள்ளை உண்மையிலேயே பல வாரமாகச் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் தவித்தால் செல் பாடம் எதற்கும் உதவாது. பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள்.

படி 7: நல்லது செய்யும் திணறல்

இதை விட்டுவிட்டால் பிள்ளை எல்லாவற்றுக்கும் பயப்படும். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடும்போது தசைச் செல்களில் 'புகை' கூடத்தான் செய்கிறது. அந்தச் சின்னத் திணறலைப் பார்த்துச் செல் அடுத்த முறைக்குத் தயாராகிறது. துடைக்கும் நொதிகளைக் கூட்டுகிறது, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது. பிறகு ஓய்வில் பலம் சேர்கிறது. ஓட்டமும் வேண்டும், ஓய்வும் வேண்டும். இதற்காக ஆன்டிஆக்சிடன்ட் ('புகை'யைத் துடைக்கும்) மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கொய்யாவும் கீரையும் பருப்பும் போதும். உச்சி வெயிலில் ஓடுவது வேறு விஷயம். நம் ஊரில் மேகம் குறைந்த நாளில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐ, அதாவது மிகக் கடுமையான அளவை, தொடுவது உண்டு. காலையிலோ மாலையிலோ ஓடட்டும்.

படி 8: பிள்ளையே சொல்லிக்கொடுக்கட்டும்

புரிந்ததா என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். வீட்டில் ஒருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். பிறகு இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்: வெந்த கிழங்கில் ஏன் நுரை வரவில்லை? செல் இறப்பது எப்போது நல்லது? ஒரு நாள் பபிள் டீக்கும் பத்து வருடம் தினமும் குடிப்பதற்கும் செல்லின் பார்வையில் என்ன வித்தியாசம்? மூன்றாவதற்குச் சொந்த வார்த்தையில் பதில் வந்தால் பாடம் முடிந்தது.

அவள் பாட்டியிடம் சொன்னாள். பீட்டா செல்லுக்குத் தமிழில் பெயர் கிடைக்காமல் "இன்சுலின் மடிக்கிற செல்" என்றாள். என் பெயரைவிட அது நன்றாகவே இருந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தோல் உரிஞ்சா புதுசா வருது, நகம் வளருது. அந்தச் செல்லு மட்டும் ஏம்மா திரும்ப வளர மாட்டேங்குது?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பெரியவர்களுக்கு அந்தச் செல்கள் மிக மெதுவாகத்தான் பிரியும் என்றேன். "ஏன்?" என்றாள். நோட்டில் தேதி போட்டு அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள். நான்காவது சனிக்கிழமையை அங்கிருந்துதான் தொடங்கினோம்.